அனலிலிருந்து காற்றுக்கு: எட்டு மாதம் வேலை தேடிய கதை

11 வருடம் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பு பார்த்தேன். நிமிடத்துக்கு 3000 சுற்று, 540 டிகிரி நீராவி. அந்தச் சத்தம் கேட்காத இடத்தில் தூக்கமே வராது என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பழைய யூனிட்டுகளை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு கேன்டீன் வரைக்கும் வந்த பிறகுதான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு புள்ளிவிவரம். 2023-இல் உலகம் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் 1 கோடியே 62 லட்சம் வேலைகள் இருந்ததாக சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையான ஐரீனாவின் கணக்கு சொன்னது. எனக்கு ஒன்று கிடைக்காதா என்று நினைத்தேன். அதில் கிட்டத்தட்ட பாதி சீனாவில் மட்டும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

ஒன்பது விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எனக்கு முன்பே துறை மாறியிருந்த நண்பனிடம் ரெஸ்யூமைக் காட்டினேன். இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "நீ எந்த மெஷின் பக்கத்துல நின்னேன்னு எழுதியிருக்கே. என்ன செஞ்சேன்னு எங்கடா?" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. யூனிட்டின் திறன், நீராவி அழுத்தம், தயாரித்த கம்பெனி என்று அடுக்கியிருந்தேன். வேலை தொடங்க பெர்மிட் எடுப்பது, மெஷினை யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டுப் போட்டு டேக் கட்டுவது, போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கி இறுக்குவது, ஷாஃப்ட் அலைன்மென்ட், எண்ணெய் சாம்பிள், வைப்ரேஷன் அளவெடுப்பது எதையும் எழுதவில்லை. தினமும் செய்கிற வேலையை யாராவது எழுதுவார்களா என்று நினைத்திருந்தேன். காற்றாலைக்காரர்கள் தேடியது அதைத்தான்.

திருத்தி அனுப்பியதும் முதல் அழைப்பு ஒரு சோலார் நிறுவனத்திடமிருந்து. "வெயில் அடிக்கும்போது பேனலை எப்படி ஆஃப் செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பிரேக்கரைத் திறப்பேன், அதாவது இணைப்பைத் துண்டிப்பேன் என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பெரிய நிலையங்களில் ஒரு வரிசையில் 1500 வோல்ட் வரை நிற்கும். மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் அடிக்கும், அதாவது இடைவெளியில் தீப்பொறி பாயும், லேசில் அணையாது. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் ஆர்க் அணைய வாய்ப்புண்டு; பேனல் தருகிற, ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்த வாய்ப்பே கிடையாது. நான் படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் நாக்கு ஏசி பழக்கத்திலேயே பேசிவிட்டது. அந்த வேலை போனது.

காற்றாலை நேர்காணலில் கதை மாறியது. இறக்கைகளைத் தாங்கி நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றும் மெயின் பேரிங்கை வைப்ரேஷன் வைத்துக் கண்காணிக்க முடியுமா என்றார்கள். ஒரு சுற்றுக்கு 5 விநாடி! அந்த வேகத்தில் பேரிங்கில் விரிசல் இருந்தாலும் கிடைக்கிற அதிர்வு மிகச் சன்னமாக இருக்கும், நிமிடக் கணக்கில் பதிவு செய்தால்தான் ஏதாவது தெரியும், கூடவே கிரீஸ் சாம்பிளையும் வெப்பநிலையையும் பார்ப்பேன் என்றேன். வேகத்தைக் கூட்டும் கியர்பாக்ஸைத் தாண்டி ஜெனரேட்டர் பக்கம் போனால் எனக்குப் பழகிய வேகங்கள்தான். அரைமணி நேரம் பேசினோம். கடைசியில்தான் கேட்டார்கள்: "உயரம் பயமா?"

பயம்தான். 38 வயதில் ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலை நிறுவனங்களின் அமைப்பு) வகுத்த பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனேன். முதலுதவி, தீ, பளு தூக்குவது மூன்றும் பழகியவை. கடலுக்குள் போகிறவர்களுக்கு கடலில் உயிர் தப்பும் பகுதி தனியாக உண்டு, எனக்குத் தேவைப்படவில்லை. உயரப் பயிற்சிதான் என்னை உலுக்கியது. ஹார்னஸில் (உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புப் பட்டையில்) அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, ஆளையே மயக்கிவிடும். அதனால் விழுந்தவரைச் சீக்கிரம் இறக்குவதில்தான் பயிற்சியே இருந்தது. ஆள் எடையுள்ள பொம்மையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். என் பொம்மை முதல் தடவை பாதியில் சிக்கிக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவன் வந்து எடுத்துவிட்டான்.

ஏறப் பிடிக்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். நீராவி டர்பைன் தெரிந்தவருக்கு அணுமின், புவிவெப்பம், பயோமாஸ், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எடுக்கும் நிலையம் எல்லாமே பக்கத்து வீடு மாதிரிதான். என் பழைய ஷிப்ட் தோழன் அணுமின் நிலையம் போனான். அங்கே நீராவி ஈரமாக, ஏறக்குறைய 280 டிகிரியில் வரும். டர்பைன் பல இடங்களில் 1500 சுற்றுதான். என்னைவிட அவனுக்கு மாற்றம் சுலபம். சம்பளமும் குறையவில்லை. எனக்குக் குறைந்தது; முதல் வருடம் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது.

வேலையில் முதல் நாள், 90 மீட்டர் ஏறி, கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் அறையான நசெலுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கியது. ரோட்டர் (இறக்கைகளோடு சுற்றும் பகுதி) பூட்டியாச்சு என்றார் டீம் லீடர். வாய்ச்சொல்லை நம்பிப் பழக்கமில்லை. நானே போய் லாக் பின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மின்சாரம் இல்லையென்று மீட்டரில் சோதித்த பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து புதிதாக வருகிற பசங்களை என்னோடு அனுப்ப ஆரம்பித்தார்.

பயிற்சிச் சான்றிதழ் 24 மாதத்துக்குத்தான் செல்லும். இன்னும் நாலு மாதத்தில் புதுப்பிக்கப் போக வேண்டும். அந்தப் பொம்மை எடை குறைந்திருக்காது.