வயது 50, வீட்டிலிருந்து வேலை: ஒரு வார நாட்குறிப்பு

மார்ச் 2, திங்கள்
ஐ.டி. கம்பெனி உங்களை வேலையை விட்டு அனுப்ப நினைத்தால், "பத்து நிமிடம் பேசலாமா?" என்றுதான் வீடியோ அழைப்பு வரும். மேலாளரோடு எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஒருவரும் இருப்பார். "இன்றைக்கே போர்ட்டலில் ரிசைன் போட்டுவிடுங்கள், ரிலீவிங் லெட்டரில் (பணி விடுவிப்புக் கடிதத்தில்) பிரச்சினை வராது" என்பார்கள். போடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. 18 ஆண்டுக்கு அது கிட்டத்தட்ட ஒன்பது மாதச் சம்பளம். ராஜினாமா என்று பதிவானால், கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும், அது பெரும்பாடு.

அழைப்பு முடிந்ததும் எழுதுங்கள்: "இன்று பகல் 3.10-க்கு என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அந்த எண்ணமில்லை, வேலையைத் தொடர்கிறேன்." சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சல் மாலைக்குள் முடக்கப்படலாம்.

மார்ச் 3, செவ்வாய்
வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு லேப்டாப்தான் அலுவலகம். அலுவலகக் கணினிகளோடு இணைக்கும் விபிஎன் நின்றால் சம்பளச் சீட்டுகூட எடுக்க முடியாது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று), அப்ரைசல் (பணி மதிப்பீடு), வீட்டிலிருந்து வேலைக்கு அனுமதித்த கடிதம் ஆகியவை இப்போதே கையில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் கோடு (மென்பொருள் நிரல்) ஒரு வரிகூட வேண்டாம். அதை வைத்தே ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள்.

'மேனேஜர்' என்ற பதவிப்பெயரைக் காட்டி, தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்பார்கள். சட்டம் பார்ப்பது பெயரை அல்ல, செய்த வேலையை. யாருடைய விடுப்புக்காவது ஒப்புதல் தரும் அதிகாரம் இருந்ததா, நாளில் எத்தனை மணி நேரம் நீங்களே கோடு எழுதினீர்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள்.

மார்ச் 5, வியாழன்
"15 நாளில் சென்னை அலுவலகத்துக்கு வரவும்." மதுரையில் வயதான பெற்றோரோடு இருப்பவர் இந்த மெயிலைப் பார்த்து மனமுடைந்து பேசாமல் இருந்துவிடுகிறார். அந்த மௌனத்தைத்தான் 'பணியைக் கைவிட்டார்' என்று எழுதிக்கொள்வார்கள். கெடுவுக்குள் பதில் போடுங்கள். காரணத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அதுவரை தினமும் லாகின் செய்து வேலை பாருங்கள்.

மார்ச் 6, வெள்ளி
"ரிசைன் போட்டால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை)" என்பது தவறு. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆட்குறைப்பிலும் உண்டு. கணக்கில் வரும் மாத ஊதியம் ரூ.60,000, சேவை 17 ஆண்டு 7 மாதம் என்றால் 18 ஆண்டாக எடுக்க வேண்டும்: 60,000 × 15 ÷ 26 × 18 = ரூ.6,23,077. 30 நாளில் தர வேண்டும்.

பலரும் மறப்பது மெடிக்ளெய்மை, அதாவது மருத்துவக் காப்பீட்டை. கம்பெனி பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும். வெளியேறும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள்; கம்பெனி பாலிசியில் இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேரும்.