32512 என்ற எண்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகக் கணினிக்கு, அன்றன்று பறித்த பழத்தின் எடைக் கணக்குக் கோப்புகளைச் சுருக்கி இரவு 10 மணிக்குச் சேலத்து சர்வருக்கு அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். கையால் ஓட்டியபோது பிசகவில்லை. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் ஏற்றிய பிறகோ மூன்று நாள்களாக ஒரு கோப்பும் வந்து சேரவில்லை. நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக்கில் மட்டும் மூன்று இரவும் ‘அனுப்பியாயிற்று’ என்றிருந்தது.

அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான். பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டம் மூலம் ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒரு கட்டளையைக் கொடுத்து ஓட்டிவிட்டு, அது திருப்பித் தந்த மதிப்பைப் பார்க்காமலே அடுத்த வரியில் வெற்றியை அறிவித்திருந்தேன்; கட்டளை தோற்றாலும் ஓஎஸ்.சிஸ்டம் ஸ்கிரிப்டை நிறுத்தும் பிழை (எக்ஸெப்ஷன்) எதையும் எழுப்பாது. பிழைச் செய்தியைக் கிரான் அஞ்சலாக அனுப்ப முயன்றிருக்கும், அந்தக் கணினியில் அஞ்சல் வசதியே கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், மதிப்பை லாக்கில் எழுதச் செய்தபோது 32512 என்று வந்தது. லினக்ஸில் ஓஎஸ்.சிஸ்டம், கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் வெளியேறும் குறியீட்டை 256 மடங்காக்கித் தருகிறது என்பது நினைவுக்கு வர, வகுத்தேன்: 127. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஷெல் சொல்லும் எண் அது.

கிரானிலேயே, சூழல் அமைப்புகளைக் காட்டும் என்வ் கட்டளையை ஓடவிட்டு, விளைவை ஒரு கோப்பில் எழுதச் செய்ததும் காரணம் தெரிந்தது. கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான அதன் பாத்தில் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு மட்டுமே இருந்தன. நான் கம்பைல் செய்து நிறுவிய சுருக்கும் கருவியோ /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருந்தது.

முழுப் பாதையைக் கொடுத்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனாலும், பொய் சொல்லும் லாக்கை அப்படியே விட மனம் வராமல் ஷெல் இல்லாமல் நேரடியாகக் கட்டளையை ஓட்டும் சப்பிராசஸ்.ரன்னுக்கு மாறி, கட்டளையை முழுப் பாதையோடு பட்டியலாகக் கொடுத்து, தோற்றால் பிழை எழுப்பும்படி செக்கை ட்ரூ ஆக்கி, பிழை வெளியீட்டையும் லாக்கில் சேர்த்தேன். உடனே புதிய பிழை: கோப்பைக் காணவில்லை என்று நட்சத்திரக் குறியோடு ஒரு பெயரைக் காட்டியது. இடையில் ஷெல் இல்லாததால் அந்தக் குறியைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுக்க ஆளில்லை. அந்த வேலையைச் செய்யும் பைத்தானின் குளோப் மாட்யூலால் பெயர்களைத் திரட்டித் தந்ததும் தீர்ந்தது. கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் கோப்புப் பெயர்களில் தாராளமாக இடைவெளி விடுகிறவர். பட்டியல் முறையில் அவையும் துண்டாகாமல் போயின.

கடைசியாக, அதற்கு மேல் காத்திராமல் கைவிடும்படி 120 விநாடி டைம்அவுட் வைத்தேன். மறு வாரம் மூடுபனி இறங்கி இணைப்பு அறுந்த ஓர் இரவுக்குப் பின், லாக்கில் ‘டைம்அவுட் எக்ஸ்பயர்ட்’ என்றிருப்பதாக ரைட்டர் தொலைபேசியில் படித்துக் காட்டினார். மலை ஏறாமலே, மறுபடி அனுப்பிப் பாருங்கள் என்றேன்.