ஸ்டோன் டவுனில் இருவருக்கு ஒரு நாள்: முதலில் கடல் வத்தம் எப்போது என்று பாருங்கள்

தான்சானியாவின் ஜான்ஸிபார் தீவில் உள்ள பழைய நகரமான ஸ்டோன் டவுன் சின்ன ஊர்தான். மேற்கே நடந்தால் கடல் வந்துவிடும், கிழக்கே நடந்தால் கிரீக் ரோடு. நடுவில் இருக்கும் சந்துகளை ஒரு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். அப்படியிருந்தும் பலர் பாதி ஊர்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள். வெயில் ஏறும்வரை சந்துகளில் சுற்றிவிட்டு, மத்தியானம் பக்கத்துத் தீவுக்கோ மணல்திட்டுக்கோ போகும் படகுக்குப் போய் நிற்பதுதான் காரணம். படகு காலையில், கூரைக்கு அடியில் பார்ப்பவை உச்சிவெயிலில், சந்துகள் சாயங்காலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படகு பேசும்போது முதலில் தடுக்குவது மணிக்கணக்கு. சுவாஹிலிக்காரர்கள் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை 7 மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது மணி ஒன்று. 8 மணி என்றால் 'ஸா ம்பிலி', மணி இரண்டு. கடிகாரத்தில் சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிர் எண்ணைப் படித்தால் சரியாக வரும். படகுக்காரர் ஆங்கிலத்தில் 'டூ ஓ கிளாக்' என்றாலும் அவர் மனத்தில் காலை எட்டு இருக்கலாம். செல்போனில் நேரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்வது உத்தமம்.

அடுத்தது ஏத்தம், வத்தம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். இங்கே கடல்மட்டம் பெரிய ஓதங்களில் கிட்டத்தட்ட 4 மீட்டர் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை 10, 11 மணி வாக்கில் தண்ணீர் நன்றாக வற்றும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போய், ஒரு வாரத்தில் அதே நேரத்துக்கு ஏத்தம் வந்துவிடும். எங்கே போவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. காலையில் வத்தம் என்றால் நாகுபெண்டா மணல்திட்டு. பெயருக்கு 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பொருள். ஜோடிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம். ஆனால் தண்ணீர் ஏறினால் திட்டே மறைந்துவிடும். ஒரு மரம்கூட இல்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் இல்லாமல் படகில் ஏறாதீர்கள்.

காலையில் ஏத்தம் என்றால் சாங்கூ தீவு. 'பிரிசன் ஐலண்ட்' என்று கூவி அழைப்பார்கள், ஆனால் அங்கே கட்டிய சிறையில் கைதிகளை அடைக்கவே இல்லை. தொற்றுநோய் பரவாமலிருக்கப் பயணிகளைத் தனிமைப்படுத்தும் இடமாகத்தான் பயன்பட்டது. இப்போது பார்க்கவேண்டியவை ஆமைகள். 1919-இல் செஷல்ஸிலிருந்து பரிசாக வந்த அல்டாப்ரா இன ராட்சத ஆமைகளின் வழிவந்தவை. சிலவற்றின் ஓட்டில் வயது எழுதியிருக்கும். கழுத்தடியில் மெதுவாகச் சொறிந்துவிட்டால் காலை ஊன்றி எழுந்து நிற்கும். மேலே உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம்.

கட்டணத்தைத் தலைக்கு என்று பேசாமல் முழுப் படகுக்குப் பேசுங்கள். போகவர இரண்டும் சேர்த்தா, தீவில் எவ்வளவு நேரம் நிற்கும், லைஃப் ஜாக்கெட் உண்டா, மூன்றையும் கிளம்பும் முன்பே கேளுங்கள். தீவின் நுழைவுக் கட்டணம் தனி. பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். கரையில் முழங்கால் தண்ணீரில்தான் இறங்குவீர்கள். பாறையில் கடல்முள்ளெலி இருக்கும் என்பதால் கட்டிய செருப்பு வேண்டும். பின்னாலேயே வரும் தரகர்களை ஊர்க்காரர்கள் 'பபாஸி' என்கிறார்கள். உண்ணி என்று அர்த்தம்.

11 மணிக்குக் கரை திரும்பினால் நேராக தாராஜானி சந்தை. 1904-இல் கட்டிய கட்டடம். மீன் பகுதி காலையிலேயே ஓய்ந்துவிடும், அதில் பெரிய நஷ்டமில்லை. வாங்க வேண்டியது கிராம்பு. அதன் பெரும்பகுதி பக்கத்துத் தீவான பெம்பாவில் விளைகிறது. மொட்டின் தலையில் உருண்டை இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும் அல்லது செங்குத்தாக நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்தே மிதக்கும். கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டால் சிரிப்பார், கேளுங்கள். குங்குமப்பூ என்று விற்பதைத் தொடாதீர்கள். வெனிலா காய் வளைக்கும்போது ஒடிந்தால் பழசு. பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை என்பதால் துணிப்பை எடுத்துப் போங்கள்.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ஆங்கிலிக்கன் தேவாலயம். அடிமைச் சந்தை நடந்த இடத்தின் மேல் கட்டியது. 1873-இல் சுல்தான் பர்காஷ் சந்தையை மூடிய அதே ஆண்டில் அடிக்கல் நாட்டினார்கள். சவுக்கடிக் கம்பம் நின்றதாகச் சொல்லும் இடத்தில்தான் பலிபீடம். வெளியே ஒரு குழிக்குள் கழுத்தில் சங்கிலி பூட்டிய ஐந்து சிலைகள். அடித்தள அறைகளில் கூரை மிகத் தாழ்வு, தலையை இடித்துக்கொள்ளாதவர் குறைவு. அவை உண்மையிலேயே அடிமைகளை அடைத்த அறைகள்தானா என்று வரலாற்றாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டி அதைச் சொல்லமாட்டார். கண்காட்சிப் பலகைகளைப் படிக்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இங்கே செல்ஃபி வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

சாப்பாட்டுக்கு உரோஜோ. மாங்காய்ப் புளிப்பும் மஞ்சளும் கலந்த கெட்டிக் குழம்பில் பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மரவள்ளிச் சீவல், தேங்காய்ச் சட்னி எல்லாம் மிதக்கும். சைவம் என்றால் 'பிலா ந்யாமா' (இறைச்சி வேண்டாம்), 'பிலா மயாய்' (முட்டை வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். ரமலான் பகலில் தெருவில் தின்னவோ குடிக்கவோ கூடாது. பல கடைகள் திறக்காது.

வெயில் தாழ்ந்த பிறகு, 4 மணிக்குச் சந்துகள். வீட்டு வாசலில் நீளும் கல் திண்ணைக்கு 'பராஸா' என்று பெயர். அதில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 'ஷிகமூ' என்று வணக்கம் சொன்னால் 'மரஹபா' என்று பதில் வரும். கதவுகளைப் பாருங்கள். பித்தளைக் கூம்புகள் பதித்தது இந்திய பாணி. நம்மூர்ப் பக்கம் யானை முட்டாமலிருக்க வைத்தது, யானையே இல்லாத இந்தத் தீவில் அந்தஸ்துக்காக நிற்கிறது. உள்ளே அறைகள் குறுகலாக இருப்பதற்கு, கூரைக்குப் போட்ட சதுப்புநில மரக் கம்பின் நீளமே காரணம். வரைபடம் இங்கே உதவாது. வழி தப்பினால் ஒரே திசையில் நடந்து கடலையோ சாலையையோ தொடுங்கள். முட்டியும் தோளும் மறையும் உடை, இருவருக்குமே. கைகோத்து நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெண்கள் உடுத்தும் காங்கா துணி வாங்குவதானால் இரண்டு துண்டு சேர்ந்த ஜோடியாகத்தான் தருவார்கள். கீழ்விளிம்பில் ஒரு சுவாஹிலி வாசகம் இருக்கும்; என்ன பொருள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், சில பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்டும் வரிகள். 1883-இன் 'அதிசய மாளிகை' 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்தது, வெளியிலிருந்து பார்த்தால் போதும். ராக் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் அருங்காட்சியகம் தீவிர ரசிகர்களுக்கு மட்டும்.

சூரியன் மறையும்போது ஃபோரோதானி பூங்காவில் இருங்கள். கடற்சுவரிலிருந்து பையன்கள் கரணமடித்துத் தண்ணீரில் குதிப்பார்கள். 'ஜான்ஸிபார் பீட்சா'வை முர்தபாவின் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய மாவில் கறி, முட்டை, வெங்காயம் வைத்து மடித்துக் கல்லில் பொரிப்பது. கண்முன்னே செய்வதால் நம்பிச் சாப்பிடலாம். குச்சியில் குத்தி அடுக்கிய கடல் உணவுதான் ஆபத்து. நேரமாக ஆகச் சூடு ஆறி, திரும்பச் சுட்டுக் கொடுப்பார்கள். கூட்டம் நிற்கும் கடையில், விலையை ஒவ்வொரு குச்சிக்கும் முதலிலேயே கேட்டு, கரியில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழியும் கரும்புச் சாற்றை ஐஸ் இல்லாமல் வாங்குங்கள். சில்லறை ஷில்லிங் கையில் இருக்கட்டும், பெரிய நோட்டுக்கு இங்கே மீதி கிடைப்பது கஷ்டம்.