தாய்லாந்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர்: வொர்க் பர்மிட் வரை

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று யோசிக்கும் யாரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டெஃபல் கோர்ஸ் நல்லது?" என்றுதான். டெஃபல் என்பது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் பயிற்சி. நானும் 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டுத்தான் தாய்லாந்து போனேன். வகுப்பறையில் அது உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023-ல் எனக்கு வொர்க் பர்மிட் வாங்கித் தந்த காகிதக் கட்டில் அந்தச் சான்றிதழை யாரும் புரட்டிப் பார்த்ததாக நினைவில்லை. அவர்கள் தேடியது வேறு: இளநிலைப் பட்டம், அதன் பின்புறத்து முத்திரைகள், போலீஸ் கிளியரன்ஸ், டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்.

டோயிக் ஏன் என்றால், பாஸ்போர்ட் காரணம். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி என்று கணக்கு. நமக்கு அப்படி இல்லை. எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்தேன் என்று சொல்லிப் பயனில்லை. 990-க்கு 600 எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். கேட்டல் பகுதி 45 நிமிடம், வாசிப்பு 75 நிமிடம், மொத்தம் 200 கேள்விகள். ஆங்கிலம் ஓரளவு சரளமாக வருபவருக்கு அந்த மதிப்பெண் கஷ்டமில்லை. வேடிக்கை என்னவென்றால், பேசிக் கற்பிக்கப் போகிறவரை இந்தத் தேர்வு ஒரு வாக்கியம்கூடப் பேசச் சொல்வதில்லை! மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதனால் வேலை ஓரளவு உறுதியான பிறகு எழுதுவது நல்லது.

உண்மையான வேலை டிகிரியில்தான் இருக்கிறது. ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே சான்று ஸ்டிக்கரோடு மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, ஆனால் நான் போன சமயத்தில் தாய்லாந்து அதில் இல்லை. ஆகவே அப்போஸ்டில் ஸ்டிக்கர் போதவில்லை. மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்), கடைசியில் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை என்று வரிசையாகப் போக வேண்டியிருந்தது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. புரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், பட்டமளிப்புச் சான்றிதழின் அசல் வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி ஒன்றும் இதில் உண்டு: இன்ஷியல். டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். தாய்லாந்து அதிகாரிக்கு இது இரண்டு வேறு ஆட்கள் மாதிரித் தெரியும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் எடுத்து வைத்திருந்தேன், அது கைகொடுத்தது. பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதமும் பள்ளி கேட்டது. அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அங்கிருந்துகொண்டு நம் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு போன் போட்டுக் காரியம் சாதிப்பது லேசில்லை.

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா மூலம் வந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி விசா. ஊரில் இருக்கும்போதே ஓர் ஏஜென்சி சொன்னது: "டூரிஸ்ட் விசாவில் வந்து வகுப்பெடுக்க ஆரம்பியுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்." இப்படிப் போனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் பர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை அபராதம், நாடு கடத்தல், அதன் பிறகு 2 ஆண்டுகளுக்குப் பர்மிட் கிடையாது. ஏஜென்சிக்கு என்ன, அடுத்த ஆளை அனுப்பும். நான் மறுத்துவிட்டேன். முறையான வழி, பள்ளி தன் ஆவணங்களை முதலில் அனுப்புவது. அவற்றைக் காட்டி, வேலைக்கு வருபவர்களுக்கான நான்-இமிகிரன்ட் பி விசா வாங்குவது. அது 90 நாள் தரும். அந்த 90 நாளுக்குள் வொர்க் பர்மிட், அதை வைத்து, தங்கும் அனுமதிக்கு ஓராண்டு நீட்டிப்பு. தனியாக நாமே செய்துகொள்ளக்கூடிய படி இதில் மிகக் குறைவு. அதனால்தான் சம்பளத்தைவிட, இதற்கு முன் எத்தனை வெளிநாட்டவருக்குப் பர்மிட் எடுத்திருக்கிறீர்கள் என்று பள்ளியிடம் கேட்பது முக்கியம் என்பேன். எங்கள் பள்ளி அலுவலகத்து அக்கா ஒருவர் எல்லாப் படிவங்களையும் கரைத்துக் குடித்தவர். என் அதிர்ஷ்டம்.

கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்குக் குருசபா என்ற ஆசிரியர் மன்றத்தின் தற்காலிக அனுமதி வேண்டும், 2 ஆண்டுகளுக்கு. அதற்கும் பள்ளிதான் விண்ணப்பிக்கும். பி.எட். வைத்திருப்பவர்கள் அதையும் அட்டெஸ்ட் செய்து எடுத்துப் போங்கள், முழு ஆசிரியர் லைசன்ஸுக்குப் போகும் பாதை அவர்களுக்குச் சுருங்கும்.

மருத்துவச் சான்றிதழ் ஒரு தமாஷ். தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், குடிநோய், மூன்றாம் நிலை சிபிலிஸ் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுத வேண்டும். ரத்தம் எடுத்தார், என் காலை ஒருமுறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பர்மிட் கட்டணம் ஓராண்டுக்கு 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100. நீட்டிப்புக்கு 1,900. பர்மிட்டைப் பள்ளி கட்டியது, நீட்டிப்பை நான். தேதிகளெல்லாம் புத்த ஆண்டில் இருக்கும். 2023 என்பது 2566. காலாவதித் தேதியைப் பார்க்கும்போது 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பர்மிட் அந்தப் பள்ளிக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான். சாயங்காலம் வேறோர் இடத்தில் டியூஷன் எடுக்க அது அனுமதி ஆகாது.

பர்மிட் வந்த பிறகும் இமிகிரேஷன் விடாது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும், மறந்தால் 2,000 பாட் அபராதம். விடுமுறைக்கு ஊருக்கு வரும் முன் ரீ-என்ட்ரி பர்மிட் எடுக்காவிட்டால் நீட்டிப்பு அத்தோடு போய்விடும். அந்த ரீ-என்ட்ரி பர்மிட் ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800.

ஒப்பந்தத்தில் கடைசித் தேதியையும் பாருங்கள். சில பள்ளிகள் பத்து மாதத்துக்கு மட்டும் எழுதும், விடுமுறைச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க. வேலை முடியும் நாளோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. ஆகவே பள்ளி மாறுவதாக இருந்தால், புதிய பள்ளியின் ஆவணங்கள் தயாராவதற்கு முன் பழைய பள்ளியில் கடைசி நாளைச் சொல்லாதீர்கள்.