‘அன்லிமிடெட்’ ஹோஸ்டிங் வாங்கும் முன்
ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளம் நடத்தும் நண்பர்களுக்கு: விளம்பரத்தில் வரும் ‘அன்லிமிடெட்’டை அப்படியே நம்பாதீங்க. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கலாம். ஒருவரே மொத்த சிபியுவையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, 2008-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த சிகுரூப்ஸ் போன்ற வசதிகளால் ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடுகிறார்கள். அது நியாயம்தான். அந்த வரம்பை விலைக்குப் பக்கத்திலேயே எழுதாமல் விதிமுறைகளுக்குள் ஒளிப்பதுதான் எனக்குக் கோபம்.

தளத்தில் 509 பிழை வந்தால் பேண்ட்வித், அதாவது மாதத்துக்கு அனுமதித்த டேட்டா அளவு, தீர்ந்துவிட்டது. கணக்கு எளிது: 2 எம்பி பக்கத்தை மாதம் 10,000 முறை திறந்தால் சுமார் 20 ஜிபி. படங்களைச் சுருக்குங்க. பிற தளங்கள் உங்கள் படங்களை நேரடியாக இழுக்காதபடி ஹாட்லிங்க் தடுப்பு போடுங்க.

508 பிழை வேறு விஷயம். பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஓடும் பிராசஸ்கள் வரம்பைத் தொட்டிருக்கும். இதற்குப் படத்தைச் சுருக்கிப் பெரிய பயன் இல்லை, பக்க கேஷ்தான் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் தருவது) கைகொடுக்கும். வேர்ட்பிரஸ் என்றால் இன்னொன்று: பக்கம் ஏற்றப்படும் போதெல்லாம் அது தன் கிரான் வேலைகளை, அதாவது நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளை, சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) கிரானில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்க. அப்புறமும் சிபியு பயன்பாட்டு வரைபடத்தின் கோடு உச்சியிலேயே நின்றால் மட்டும் பெரிய பிளானுக்குக் காசு கட்டுங்க.