வாலி நிற்கும் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அத்தை என்றால் மாமியார். சேலத்திலிருந்து ஓமலூர் வழியாகப் போகும் பஸ். உட்கார இடம் கிடைத்ததும் ஆரம்பித்துவிட்டேன். கொழுந்தனார் பெங்களூர் போய் மூன்று வருஷமாகிறது, பெற்ற தாய்க்கு வாரம் ஒரு போன் பண்ண நேரமில்லையாம், தீபாவளிக்கு ஒரு புடவை அனுப்பிவிட்டால் ஆச்சா... ஓமலூர் தாண்டியும் என் வாய் ஓயவில்லை. அத்தை 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பிய கோயில் இது. ராஜகோபுரத்தின் அடியைப் பார்த்தால் யானையும் குதிரையும் இழுத்துப் போகும் தேர் மாதிரி இருக்கும். மேற்குப் பார்த்த சன்னதி என்பதால் மாசியில் மூன்று நாள் மாலை வெயில் நேரே மூலவர் மேல் விழும். நாங்கள் போனது சாதாரண நாள், கூட்டமில்லை. தீபாராதனையில் கண்ணை மூடி, 'கொழுந்தனாருக்கு நல்ல புத்தி கொடு சாமி' என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே அதைத்தான் வேண்டினேன். சிவகாமசுந்தரி அம்மனிடமும் அதே மனு.

அப்புறம் மண்டபத்துக்கு வந்தோம். கல் சங்கிலி, வாய்க்குள் கல் உருண்டையோடு நிற்கும் சிங்கம். உருண்டை உள்ளேயே உருளும், வெளியே வராது. அங்கே ஒரு பெரியவர் நாலைந்து பையன்களை நிற்க வைத்து, "ராமர் பக்கத்துல நின்னு பாருங்க, வாலி தெரியறானா? இப்ப வாலிகிட்ட போய் ராமரைத் தேடுங்க" என்றார். நானும் போனேன். வில்லோடு நிற்கும் ராமர் பக்கத்திலிருந்து வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுவது நன்றாகத் தெரிகிறது. வாலி பக்கம் போய்க் கழுத்தை எப்படி வளைத்தாலும் ராமர் கண்ணில் படவே இல்லை. கணக்குப் போட்டுச் செதுக்கியிருக்கிறான் சிற்பி.

அத்தை திண்டில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார். "அம்பு பட்டுக் கிடந்தப்பவும் வாலி ராமரைத்தான் கேட்டான், ஒளிஞ்சு நின்னு அடிக்கலாமான்னு. கேட்டது நியாயந்தான். ஆனா தம்பி பெண்டாட்டியை வச்சுக்கிட்டது, ராமர் எடுத்துச் சொல்ற வரைக்கும் அவனுக்குத் தப்பாவே படலை பாரு" என்றார். எனக்கென்று சொன்னாரா, கதையாகச் சொன்னாரா? அத்தை முகத்தில் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி கண்ணு?" என்றார்.

"பரவாயில்லைங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது. போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடம் கடைசியாகப் பேசி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதுவும் அம்மா கூப்பிட்டது, இரண்டே நிமிஷம். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று வைத்த ஞாபகம். அம்மா இருப்பது பெங்களூரில் இல்லை. ஆத்தூரில்.

கோபுர வாசலுக்கு வெளியே வந்து கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன கண்ணு, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்."

"சும்மாவா?"

அப்புறம் முட்டி, தைலம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு நீண்டது. சேலம் பஸ் வந்து நின்றது. விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்த அத்தை, அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சைகை காட்டினார்.