முதலையா, சாணி வண்டா?

மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு நெருப்புப்பெட்டிதான்.

1981, உயர்தர வகுப்பு. திருகோணமலைத் தெருக்களில் மாடுகளுக்கு இருக்கும் சுதந்திரம் உங்களுக்குத் தெரியும். பாடசாலை வாசலிலும் சாணிக்குக் குறைவில்லை. அங்கே தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருண்டை தள்ளிக்கொண்டு போன ஒரு சாணி வண்டைப் பிடித்து, நெருப்புப்பெட்டிக்குள் போட்டு விலங்கியல் பாடத்துக்குக் கொண்டுபோனேன். உலகத்திலேயே பலசாலி இதுதான் என்று ஒரே அளப்பு.

தம்பலகாமத்திலிருந்து வரும் நண்பன் விடுவானா? "கந்தளாய்க் குளத்து முதலையைப் பார்த்தனியா மச்சான்? மாட்டையே இழுத்துக்கொண்டு போகும்."

சேர் சண்டையைக் கரும்பலகைக்கு ஏற்றினார். "தம்பி, உம்முடைய வண்டை 100 மடங்கு பெருப்பிப்பம்." 2 சென்ரிமீற்றர் வண்டு 2 மீற்றர் ஆனது. சரி, முதலை அளவு வந்துவிட்டது. ஆனால் தசையின் பலம் குறுக்குவெட்டுப் பரப்போடு போவது. அது 10,000 மடங்குதான் கூடும். நிறையோ கனவளவோடு போய் 10 இலட்சம் மடங்காகிவிடும். "கால் முறியும். அதுக்கு முதலே மூச்சு முட்டும்." வண்டுக்கு நுரையீரல் இல்லை. பக்கத் துளைகளால் நுழையும் காற்று வாதனாளிகள் என்ற மெல்லிய குழாய்கள் வழியேதான் உடம்பெங்கும் போகவேண்டும்; அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது. முதலைக்கு நுரையீரலும் உண்டு, மற்ற ஊர்வனவற்றுக்கு இல்லாத நான்கு அறை இதயமும் உண்டு.

நண்பன் சிரித்தான். சேர் அவனையும் விடவில்லை. "கடிக்கிற தசைதான் ஐசே பெரிசு, திறக்கிற தசை சின்னன். வாயை மூடிக் கயிறு கட்டினால் உம்முடைய முதலை என்ன செய்யும்?"

2010இல் இங்கே லண்டனில் ஒரு செய்தி வாசித்தேன். கொம்புள்ள சாணி வண்டு ஒன்று தன் நிறையைப்போல 1,141 மடங்கை இழுத்ததாம். குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து அளந்தது. 70 கிலோ ஆள் 80 தொன் இழுத்த மாதிரி. கை தானாகவே கணக்குப் போட்டது: 100 மடங்கு பெருப்பித்தால் நிறைக்கேற்ற பலம் நூறில் ஒன்றாகிவிடும், மிஞ்சுவது 11 மடங்கு. (பதினொன்றும் லேசில்லை என்று மனம் இன்னும் வண்டின் பக்கம்தான்.)

அன்று பாடம் முடிந்ததும் வண்டைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார் சேர். போட்டுவிட்டுப் போன உருண்டையைத் தேடிப் பிடிக்கிறதா பார்ப்போம் என்று நானும் நண்பனும் குந்தியிருந்துவிட்டோம். இரசாயனவியல் பாடம் முழுவதும் வகுப்புக்கு வெளியேதான் நின்றோம்.